பி.கே. என்ற இரண்டெழுத்து



மறைந்த ஒருவரின் வாழ்க்கை வரலாறு நம் மலரில் இடம்பெறுவது வழக்கம். இந்த முறை அந்தப் பக்கங்களை என்னிடம் ஒப்படைத்த மலர்க் குழுவினர், சர் சி.வி. ராமனையோ கணித மேதை ராமானுஜனையோ எதிர்பார்த்திருக்கலாம். நான் எடுத்துக்கொண்டது பில் காட்ஸ் என்ற அமெரிக்கரை. கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்தவர்கள் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள். மற்றவர்கள் கேள்விப்படாவிட்டாலும் பரவாயில்லை. அவருடைய கைவேலையை இன்று காலைகூடத் தொட்டிருப்பீர்கள்.

இவரை எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. மலருக்காகப் பழைய புகைப்படங்கள் சேகரித்தோம் அல்லவா? ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லியிலிருந்து மட்டுமல்ல, துபாய், சிங்கப்பூர் என்று எங்கெங்கோ இருப்பவர்கள் ஒவ்வொரு படமாக அனுப்பி, யார் எந்த வருடம் என்பதே தெரியாமல் குழு திண்டாடிப் போயிற்று. அப்போது கம்ப்யூட்டர் துறை இறுதியாண்டு மாணவி ஒருவர் ஒரு வலைப்பக்கம் செய்து கொடுத்தார். பெயரையும் படிப்பு முடித்த ஆண்டையும் அடித்து, படங்களைத் தேர்வு செய்தால் போதும். எல்லாப் படங்களும் ஒரே ஜிப் கோப்பாகக் கட்டப்பட்டு நம் கையிலேயே வந்துவிடும். பிறகு அந்த ஒன்றை மட்டும் அனுப்பினால் சரி.

இதற்கு எந்த சர்வர் என்று கேட்டேன். சர்வரே கிடையாது சார், எல்லாம் பிரவுசருக்குள்ளேயே நடக்கிறது என்றார். நான் நம்பாமல் பார்த்ததைப் புரிந்துகொண்டு, பக்கம் திறந்ததும் நெட் இணைப்பைத் துண்டித்துவிட்டு அதே வேலையைச் செய்து காட்டினார். சும்மா சொல்லக்கூடாது, அசந்துதான் போனேன். பழைய பழக்கதோஷத்தில், வந்த கோப்பை ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து பார்த்தேன். முதல் இரண்டு எழுத்துகள்: பி, கே. அது என்ன என்று தெரியுமா என்று கேட்டேன். ஜிப் கோப்பின் அடையாளம், அதைப் போடாவிட்டால் திறக்காது என்றார். சரியான பதில்தான். ஆனால் அது ஒரு மனிதரின் இனிஷியல் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

பிலிப் வால்டர் காட்ஸ் 1962 நவம்பர் 3-ம் தேதி பிறந்தார். ஊர் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள மில்வாக்கி. தொழிற்சாலைகள் நிறைந்த ஊர். அந்த வகையில் நம்ம அம்பத்தூர் எஸ்டேட் பக்கத்து ஆளு என்றே வைத்துக்கொள்ளலாம். அப்பா வால்டரும் மகனும் சேர்ந்து செஸ் ஆடுவார்கள். புரோகிராம் எழுதக்கூடிய கால்குலேட்டரில் சேர்ந்தே புரோகிராம் போடுவார்கள். அதிகம் பேசாத, நண்பர்கள் குறைவான பையனுக்கு அப்பாதான் தோழன். அந்த அப்பா, மகனின் கல்லூரிக் காலத்திலேயே காலமாகிவிட்டார். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மில்வாக்கி வளாகத்தில் கம்ப்யூட்டர் சயன்ஸ் பட்டம் பெற்ற பில், அதே ஊரிலிருந்த ஆலன் பிராட்லி என்ற தொழிற்சாலைக் கருவிகள் கம்பெனியில் புரோகிராமராகச் சேர்ந்தார். பகலில் ஆபீஸ் வேலை, ராத்திரியில் சொந்த வேலை.

அந்த ராத்திரி வேலை என்ன என்று புரிய, 1980-களின் நிலவரம் கொஞ்சம் தெரிய வேண்டும். இன்டர்நெட் பொதுமக்களுக்கு வராத காலம். கம்ப்யூட்டர் பித்துப் பிடித்தவர்கள் தொலைபேசியில் மோடத்தை மாட்டி, இன்னொருவர் வீட்டில் இருக்கும் புல்லட்டின் போர்டுக்கு டயல் செய்து புரோகிராம்களை இறக்கிக்கொள்வார்கள். தொலைபேசிக் கட்டணம் நிமிடக் கணக்கில். எஸ்.டி.டி. பூத்தில் மீட்டரையே முறைத்துப் பார்த்துக்கொண்டு பேசிய நம் தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கோப்பு சிறியதானால் பில்லும் சிறியதாகும். அதற்காக எஸ்.ஈ.ஏ. என்ற நிறுவனம் 1985-ல் ஆர்க் என்ற புரோகிராமை வெளியிட்டது. பல கோப்புகளை ஒன்றாகக் கட்டி, சுருக்கியும் தரும். எல்லோரும் அதைத்தான் பயன்படுத்தினார்கள்.

பில் அதைப் பார்த்தார். இதைவிட வேகமாகச் செய்யலாம் என்று தோன்றியது. முக்கியமான பகுதிகளை அசெம்பிளி மொழியில் எழுதி பி.கே.எக்ஸ்.ஆர்க், பி.கே.ஆர்க் என்ற புரோகிராம்களை வெளியிட்டார். ஆர்க் கோப்புகளையே அவை திறந்தன, கட்டின. ஆனால் பல மடங்கு வேகம். பிடித்திருந்தால் பணம் அனுப்புங்கள் என்ற ஷேர்வேர் முறையில் விட்டார். ஜனங்கள் அனுப்பினார்கள்! 1986-ல் பி.கே.வேர் என்ற கம்பெனியைத் தொடங்கினார். கம்பெனி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். அம்மா ஹில்டகார்டு வீட்டுச் சமையலறை மேஜைதான் தலைமை அலுவலகம். தபாலில் வரும் காசோலைகளைப் பிரிப்பது, கணக்கு எழுதுவது எல்லாம் அம்மாவின் பொறுப்பு.

1988-ல் வந்தது வழக்கு. தன் வர்த்தகப் பெயரையும் பதிப்புரிமையையும் மீறிவிட்டார் என்று எஸ்.ஈ.ஏ. நீதிமன்றம் போயிற்று.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். நாங்கள் மாணவர்களாக இருந்தபோது இந்தக் கதை எங்களை வந்தடைந்த விதமே வேறு. ஒரு ராட்சதக் கம்பெனி தனி ஆளான பில் காட்ஸை நசுக்கப் பார்த்தது, அவர் எதிர்த்து நின்று ஜெயித்தார் என்றுதான் கேள்விப்பட்டோம். லேபில் உட்கார்ந்து கைதட்டாத குறைதான். உண்மை அப்படியில்லை. எஸ்.ஈ.ஏ. நியூ ஜெர்சியில் தாம் ஹெண்டர்சன் என்பவர் நடத்திய சின்னக் குடும்பக் கம்பெனி. இரண்டு புரோகிராம்களையும் ஒப்பிட்டுப் பார்த்த நிபுணர், காட்ஸின் புரோகிராமில் பல பகுதிகள் எஸ்.ஈ.ஏ. எழுதியதிலிருந்து அப்படியே எடுக்கப்பட்டவை என்று கண்டார். விளக்கக் குறிப்புகள், அவற்றிலிருந்த எழுத்துப்பிழைகள் உட்பட! அடுத்தவன் ரெக்கார்டு நோட்டைக் காப்பியடித்து, அவனுடைய ரோல் நம்பரையும் சேர்த்து எழுதி மாட்டிக்கொண்டவர்கள் நம் செட்டிலும் உண்டு. அவர்களுக்கு இது நன்றாகப் புரியும். 1988 ஆகஸ்டில் வழக்கு சமரசத்தில் முடிந்தது. காட்ஸ் 62,500 டாலர் கொடுக்க வேண்டியதாயிற்று. ஆர்க் பொருத்தமான புரோகிராம்களை 1989 ஜனவரி கடைசியோடு நிறுத்திக்கொள்ளவும் வேண்டும்.

ஆனால் புல்லட்டின் போர்டு உலகம் மொத்தமும் காட்ஸ் பக்கம் நின்றது. தங்கள் கோப்புகளைப் பொதுச்சொத்தாக நினைத்திருந்தவர்களுக்கு, அதற்கு உரிமை கொண்டாடியவர்கள் மேல் கோபம். ஹெண்டர்சன் தரப்பு வழக்கில் ஜெயித்து, வாடிக்கையாளரை இழந்தது. அவர்களுக்கு நடந்தது நியாயமில்லை என்பது என் கருத்து. இதைச் சொல்லாமல் காட்ஸைப் பற்றிப் பாராட்டு எழுத மனம் வரவில்லை.

இப்போது பாராட்டுக்கு வருகிறேன். பழைய வடிவம் கையைவிட்டுப் போனதால் காட்ஸ் புதிதாக ஒன்று உருவாக்க வேண்டியிருந்தது. கேரி கான்வே என்பவரோடு சேர்ந்து புதிய வடிவத்தை அமைத்தார். வேகத்தைக் குறிக்கும்படி ஜிப் என்று பெயர் வைக்கச் சொன்னவர், மில்வாக்கி பகுதியில் புல்லட்டின் போர்டு நடத்திவந்த நண்பர் ராபர்ட் மஹோனி. 1989 தொடக்கத்தில் பி.கே.ஜிப் வெளிவந்தது. அதோடு கூடவே காட்ஸ் செய்த காரியம்தான் பெரிது. ஜிப் கோப்பு உள்ளே எப்படி அமைந்திருக்கிறது, எந்த பைட் எதைக் குறிக்கும் என்பதை முழுக்க எழுதி, அப்நோட் என்ற சாதாரண எழுத்துக் கோப்பாக வெளியிட்டு, இந்த வடிவம் பொதுச்சொத்து, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று அறிவித்துவிட்டார். புரோகிராம் அவருடையது, வடிவம் எல்லோருடையது. அதற்காக அவரைத் துறவி என்று நினைத்துவிட வேண்டாம். சுருக்கும்போது எழுத்துத் தொடர்களைத் தேடும் தன் முறை ஒன்றுக்கு 1991-ல் காப்புரிமை வாங்கியவர்தான் அவர். அந்த முறையைத் தொடாமலேயே மற்றவர்கள் ஜிப் செய்ய முடியும் என்பது நல்லவேளை.

1993 தொடக்கத்தில் வந்த 2.04ஜி பதிப்புதான் நம்மில் பலருக்குப் பழக்கமானது. அதில்தான் டிஃப்ளேட் என்ற சுருக்கும் முறை பரவலாக வந்தது. அதை நம் வீட்டு வழக்கத்திலேயே சொல்லிவிடலாம். மளிகைக் கணக்கில் ஒரே பொருள் திரும்ப வந்தால் மறுபடி எழுதாமல் மேற்படி என்று போடுவோம் இல்லையா? டிஃப்ளேட்டின் முதல் பாதி அதுதான். மூன்று எழுத்துக்குக் குறையாத ஒரு தொடர் முன்பே வந்திருந்தால், இத்தனை எழுத்து பின்னால் போய், இத்தனை எழுத்து எடுத்துக்கொள் என்று ஒரு குறிப்பு மட்டும் எழுதும். 32 கிலோபைட் தூரம்வரை பின்னால் பார்க்கும். இந்த யோசனை இஸ்ரேலிய அறிஞர்கள் ஆபிரகாம் லெம்பல், ஜேக்கப் ஸிவ் இருவரும் 1977-ல் வெளியிட்டது. இரண்டாம் பாதி, அஞ்சறைப்பெட்டி. கடுகு, சீரகம் போல அடிக்கடி வேண்டியது கைக்கெட்டும் தூரத்தில். எப்போதோ தேவைப்படுவது பரணில். அடிக்கடி வரும் எழுத்துக்குக் குறைந்த பிட், அபூர்வமாக வருவதற்கு அதிக பிட். இது டேவிட் ஹஃப்மன் 1952-ல் வெளியிட்ட முறை. எம்.ஐ.டி.யில் மாணவராக இருந்தபோது, தேர்வு எழுதுகிறாயா, கட்டுரை எழுதுகிறாயா என்று ஆசிரியர் கேட்க, தேர்விலிருந்து தப்பிக்கக் கட்டுரையை எடுத்துக்கொண்டு, அதில் கண்டுபிடித்தது! இந்நாள் மாணவர்கள் இதைத் தங்கள் ஹெச்.ஓ.டி.யிடம் முன்னுதாரணமாகக் காட்டலாம். பலன் எப்படியோ எனக்குத் தெரியாது.

சொந்தக் கதை ஒன்று. கடைசி வருடம் நானும் என் பெஞ்ச் நண்பனும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சிறிய டேட்டா என்ட்ரி யூனிட்டில் பகுதி நேரம் வேலை பார்த்தோம். எங்கள் புராஜெக்டும் அங்கேயே ஒரு 386-ல் வளர்ந்தது. அதைக் கல்லூரி லேபுக்குக் கொண்டுவர ஒரே வழி, பி.கே.ஜிப் போட்டு, ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய 1.44 எம்.பி. பிளாப்பிகளில் பிரித்து நிரப்புவது. ஆறு பிளாப்பி. அம்பத்தூரில் எலெக்ட்ரிக் டிரெயின் ஏறி, திருமுல்லைவாயல், அண்ணனூர் தாண்டி ஆவடியில் இறங்கி, லேபுக்கு ஓடினால், பி.கே.அன்ஜிப் முதலில் கேட்பது கடைசி பிளாப்பியை! ஏன் இந்தக் கிறுக்குத்தனம் என்று திட்டியிருக்கிறோம். பிறகுதான் காரணம் தெரிந்தது. ஜிப் கோப்பில் பொருளடக்கம் கடைசிப் பக்கத்தில் இருக்கும். உள்ளே என்னென்ன கோப்பு, எது எங்கே தொடங்குகிறது என்ற பட்டியல் முடிவில்தான். அதனால்தான் பெரிய ஜிப்பிலிருந்து ஒரே ஒரு கோப்பை மட்டும் சட்டென்று எடுக்க முடிகிறது. புதியது சேர்ப்பதும் சுலபம்.

அன்றைக்கு ஐந்தாவது பிளாப்பியில் சி.ஆர்.சி. எரர். ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சரிபார்ப்பு எண் ஜிப்பில் உண்டு; கடைக்காரர் கூட்டுத்தொகையை மறுபடி கூட்டிப் பார்ப்பதைப் போல. கணக்கு உதைத்தால் காட்டிக் கொடுத்துவிடும். நம்ம ஊர் ஈரக்காற்றில் பிளாப்பிக்குள் பூஞ்சை. ரிவ்யூ மூன்று மணிக்கு. நண்பன் ஒரு வார்த்தை பேசாமல் திரும்ப ஸ்டேஷனுக்கு ஓடி, அம்பத்தூர் போய், அந்த ஒரு பிளாப்பியை மட்டும் புதிதாக எழுதிக்கொண்டு 2.50-க்கு வந்து நின்றான். சட்டை பிழிந்தால் ஒரு பக்கெட் தண்ணீர் வரும்.

காட்ஸின் கம்பெனி அப்போது உச்சத்தில் இருந்தது. பிரவுன் டீர் என்ற புறநகரில் சொந்த அலுவலகம். அந்த முகவரி பி.கே.ஜிப் திரையிலேயே வரும். அவர் பெயரைச் சொல்லி ஏமாற்றும் ஆட்களும் கிளம்பினார்கள். 1995-ல் பி.கே.ஜிப் 3.0 என்ற பெயரில் சுற்றியது புரோகிராமே அல்ல, ஹார்டு டிஸ்கை அழிக்கும் நாசவேலை. ஆனால் உண்மையான ஆபத்து வேறு இரண்டு பக்கத்திலிருந்து வந்தது. ஒன்று விண்டோஸ். காட்ஸுக்கு அது பிடிக்கவில்லை. டாஸ்தான் அவர் உலகம். நிக்கோ மாக் என்பவர் வின்ஜிப் செய்து, காட்ஸ் திறந்துவிட்ட அதே வடிவத்தை வைத்து விண்டோஸ் வாடிக்கையாளர்களைக் கொண்டுபோனார். அதில் தவறு ஒன்றும் இல்லை. திறந்துவிட்டால் எல்லோரும்தான் வருவார்கள்.

மற்றொன்று குடி.

எப்போது தொடங்கியது, ஏன் என்று நாம் யூகிக்க வேண்டாம். பணம் இருந்தது, பேச ஆள் இல்லை. அலுவலகத்துக்கு வருவது குறைந்தது. குடித்துவிட்டு வண்டி ஓட்டி மறுபடி மறுபடி போலீஸில் சிக்கினார். சமையலறை மேஜையில் கூட உட்கார்ந்து கம்பெனியை வளர்த்த தாயோடும் உறவு முறிந்தது. 1997-ல் அவருடைய வீட்டிலிருந்து நாற்றமும் பூச்சிகளும் வருவதாக அக்கம்பக்கத்தார் புகார் செய்ய, அதிகாரிகள் திறந்து பார்த்தபோது முழங்கால் உயரத்துக்குக் குப்பை. காட்ஸ் அங்கே இல்லை. பிடிவாரண்டுகள் நிலுவையில் இருந்ததால் மலிவான விடுதிகளில் மாறி மாறித் தங்கிக்கொண்டிருந்தார். 2000 ஏப்ரல் 14-ம் தேதி, நாம் இங்கே தமிழ்ப் புத்தாண்டைக் கொண்டாடிய சமயம், மில்வாக்கியில் ஒரு விடுதி அறையில் இறந்து கிடக்கக் கண்டார்கள். வயது 37. நீண்ட நாள் குடியால் கணையத்தில் ஏற்பட்ட ரத்தப்போக்கு காரணம் என்றது மருத்துவ முடிவு. பக்கத்தில் மதுபாட்டில்.

அடுத்த ஆண்டு வந்த விண்டோஸ் எக்ஸ்பி, தனி புரோகிராம் எதுவும் இல்லாமலே ஜிப்பைத் திறந்தது. டிஃப்ளேட் முறையைக் கொண்டு ஜான்-லூப் கெய்லி, மார்க் ஆட்லர் இருவரும் எழுதிய ஸீலிப் என்ற இலவச நூலகம் 1995 முதல் உலகெங்கும் பரவிவிட்டிருந்தது. 1996-ல் டிஃப்ளேட் இன்டர்நெட்டின் முறையான ஆவணமாகவும் பதிவாயிற்று. பி.என்.ஜி. படங்களுக்குள் இருப்பது அதுதான். நீங்கள் அனுப்பும் டாக்எக்ஸ் கடிதம், எக்ஸெல் கணக்கு, ஆண்ட்ராய்டு போனில் ஏற்றும் ஏ.பி.கே., மின்னூல் இபப், எதை வேண்டுமானாலும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து பாருங்கள். பி.கே. என்று கையெழுத்துப் போட்டிருக்கும்.

மாணவியின் பக்கத்துக்கு வருகிறேன். வலைப்பக்கம் நம் ஹார்டு டிஸ்கை இஷ்டப்படி படிக்க முடியாது. நாம் தேர்ந்தெடுத்துக் கொடுத்த கோப்பை மட்டும் படிக்கலாம். படித்ததை நினைவகத்திலேயே சுருக்கி, வரிசையாக அடுக்கி, கடைசியில் பொருளடக்கம் சேர்த்து, டவுன்லோடு போல நம்மிடமே கொடுத்துவிடுகிறது. இதற்கு ஸ்டுவர்ட் நைட்லி எழுதிய ஜேஎஸ்ஜிப் போன்ற இலவச நூலகங்கள் பல வருடமாக இருக்கின்றன. இவர் அதை எடுக்கவில்லை. 2023-க்குள் முக்கியமான பிரவுசர்கள் எல்லாவற்றிலும் சுருக்கும் வசதி உள்ளேயே வந்துவிட்டது. ஆனால் அது சுருக்க மட்டுமே செய்யும். பல கோப்புகளைக் கட்டாது. கட்டும் வேலையை, சி.ஆர்.சி. கணக்கு உட்பட, இவரே எழுதியிருக்கிறார். எதைப் பார்த்து எழுதினீர்கள் என்றேன். பி.கே.வேர் வெளியிடும் அப்நோட் சார், நெட்டில் சும்மா கிடைக்கிறது என்றார். காட்ஸ் 1989-ல் தொடங்கிவைத்த அதே ஆவணம்!

ஒரு சந்தேகத்தையும் தீர்த்துவிடுகிறேன், பலர் போனில் கேட்டார்கள். ஜிப் போட்டும் படங்களின் அளவு குறையவில்லையே என்று. ஜேபெக் படம் ஏற்கெனவே சுருக்கப்பட்டது. பிழிந்த துணியை மறுபடி பிழிவதால் தண்ணீர் வராது. அதனால் அந்தப் பக்கம் ஜேபெக் படங்களைச் சுருக்காமல் அப்படியே அடுக்கி மட்டும் தருகிறது. குறை ஒன்றுமில்லை, தாராளமாக அனுப்புங்கள்.

அப்படி வந்த ஜிப் கோப்பு ஒன்றில், ஆவடி ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் எடுத்த ஒரு குரூப் போட்டோ இருந்தது. ஐந்தாவது பிளாப்பிக்காக ஓடியவன் அதில் இருக்கிறான். கையில் பிளாப்பி டப்பா. பதினைந்து வருடமாக அவன் எந்த ரீயூனியனுக்கும் வரவில்லை. கூப்பிட்டபோதெல்லாம் அடுத்த தடவை என்பான். குரலிலேயே தெரியும், நாங்களும் அதிகம் வற்புறுத்தவில்லை. சென்ற ரீயூனியனுக்கும் இந்த ரீயூனியனுக்கும் இடையில் அவன் போய்விட்டான். காட்ஸுக்கு வந்த அதே நோய்தான்.

போட்டோவை முழுப் பக்கத்தில் போடச் சொல்லியிருக்கிறேன். இடமிருந்து மூன்றாவது.